பெட்டியா, ஏணியா, பெண்ணா?

கணினித் திரையிலே ஒரு விண்ணப்பம் விரிந்து கிடக்கிறது. கணவன் அமர்ந்திருக்கிறான்; மனைவி அவன் தோளுக்குப் பின்னே நிற்கிறாள். ஊர் விட்டு, கடல் கடந்து, வேற்று நாட்டிலே நிலையாகக் குடியேறிவிட வேண்டும் என்பது இருவரும் கூடி எடுத்த முடிவு. மூன்றாண்டுச் சேமிப்பு வங்கியிலே இருக்கிறது. அதில் பாதி, அவள் இரவுப்பணி பார்த்து ஈட்டியது. முதற் கேள்வி எழுகிறது: முதன்மை விண்ணப்பதாரர் யார்?

ஒரு நொடி தயக்கம் உண்டா? இல்லை. ஒரு வாய்ப் பேச்சு உண்டா? இல்லை. கணவன் தன் பெயரைப் பொறிக்கிறான். மனைவியின் பெயர் பின் பக்கம் செல்கிறது. அங்கே அவளுக்கென்று ஒரு பட்டம் ஆயத்தமாகக் காத்திருக்கிறது: ‘சார்ந்து வருபவர்!’

யார் இட்ட கட்டளை இது? கனடா அரசு கேட்டதா? ஆஸ்திரேலிய அரசு ஆணையிட்டதா? இல்லை, தோழர்களே, இல்லை! அந்த அரசுகள் கேட்டதெல்லாம், ‘உங்களில் யார்?’ என்ற கேள்விதான். விடை வேறு எங்கிருந்தோ வந்தது. மனுச் செய்ய உட்கார்ந்தவனுக்குள்ளே, மனுவே வந்து உட்கார்ந்துகொண்டார்!

‘ஒரு படிவத்தில் யார் பெயர் முதலில் இருந்தால் என்ன? இருவரும்தானே போகிறார்கள்?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு உணர்ச்சியுரை வேண்டா, கணக்கே போதும். கணக்குக்குச் சாதியில்லை, சாத்திரமில்லை, ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. பார்ப்போம், வாருங்கள்.

கனடா 1967-ஆம் ஆண்டிலே, குடியேற விரும்புவோரின் கல்வி, மொழித்திறன், வயது, தொழில் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடும் முறையைக் கொண்டுவந்தது. 2015 முதல் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்னும் பெயரால் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தி, மேலே நிற்பவரை முதலில் அழைக்கிறது. திருச்சியிலே ஓர் இணையர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுக்கு வயது 36, பொறியாளன். அவளுக்கு வயது 28, செவிலியர். இருவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள். ஆங்கிலத் தேர்விலே, கனடாவின் அளவுகோலின்படி, பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் அவள் 9-ஆம் படியில் நிற்கிறாள். அவன் 7-ஆம் படியில் நிற்கிறான்.

முதலில் வயது. முதன்மை விண்ணப்பதாரரின் வயதுக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. உடன் வருபவரின் வயதைக் கணக்கு ஏறிட்டும் பார்ப்பதில்லை. துணைவரோடு வருவோருக்கு, 20 முதல் 29 வயது வரை 100 மதிப்பெண். பிறகு ஆண்டுதோறும் தேய்ந்து தேய்ந்து, 45-இல் ஒன்றுமில்லாமற் போகும். அவன் பெயர் முன்னே நின்றால் 65. அவள் பெயர் முன்னே நின்றால் 100. வேறுபாடு 35.

அடுத்து மொழி. அவன் முதன்மையானால் அவன் ஆங்கிலத்துக்கு 64, உடன் வரும் அவள் ஆங்கிலத்துக்கு 20, ஆக 84. அவள் முதன்மையானால் அவளுக்கு 116, அவனுக்கு 12, ஆக 128. வேறுபாடு 44.

வயதும் மொழியும் ஆகிய இந்த இரண்டிலே மட்டும் 79 மதிப்பெண்! ஐந்து மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் மாதக்கணக்கில் படித்து, மறுபடியும் தேர்வு எழுதுகிறவர்கள் இருக்கிற உலகத்திலே, 79 மதிப்பெண்ணை அடுக்களையிலே பூட்டிவைத்துவிட்டு, ‘அழைப்பு வரவில்லையே’ என்று அலைகிறான் நம் பொறியாளன்! அது மட்டுமா? மருத்துவப் பணி போன்ற சில துறையினரைத் தனியே அழைக்கும் வழியையும் கனடா 2023-இல் திறந்தது. அந்தக் கதவைத் தட்டத் தகுதியுள்ள கை, அவன் தோளுக்குப் பின்னே சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. மணமகள் மணமகனைவிட இளையவளாகத்தான் இருக்கவேண்டும் என்று விதித்தது யார்? நம் மரபு. ‘இளையவள் அடங்கி நடப்பாள்’ என்பது அந்த மரபின் கணக்கு. கடலுக்கு அப்பாலுள்ள கணக்கோ இளமைக்கே மதிப்பெண் தருகிறது. அடக்குவதற்கென்று இட்ட வயது வேறுபாடே அவளை முன்னே நிறுத்துகிறது! ஆயினும் மரபின் அடிமை தன் ஆதாயத்தைக்கூடக் காணமாட்டான். மூடநம்பிக்கை என்பது பிறரை மட்டும் கெடுப்பதன்று. அதைச் சுமப்பவனின் முதுகையும் முறிக்கும்.

இன்னொன்றும் அறிக. இருவரும் தகுதி பெற்றிருந்தால், இருவரும் தனித்தனியே பதிவு செய்யலாம். ஒருவர் மற்றவரைத் துணைவராகக் குறிப்பிடலாம். எவருக்கு அழைப்பு வந்தாலும் இருவரும் செல்லலாம். 2024 அக்டோபரிலே கனடா அரசு, 2025-ஆம் ஆண்டுக்கான குடியேற்ற இலக்கை 5,00,000-இலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தது. வாயில் குறுகும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணும் பொன். அந்தப் பொன்னைப் புதைத்துவைப்பதா புத்திசாலித்தனம்?

ஆஸ்திரேலியாவின் கணக்கோ இன்னும் கூர்மையானது. அங்கே மதிப்பெண் வழியில் விண்ணப்பிக்கக் குறைந்தது 65 வேண்டும். துணைவருக்கு வயது 45-க்குள் இருந்து, தேவைப்படும் தொழிலிலே தகுதிச் சான்றும் போதிய ஆங்கிலமும் இருந்தால், முதன்மை விண்ணப்பதாரருக்கு 10 மதிப்பெண் கூடும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. மணமாகாத ஒருவருக்கும் அதே 10 உண்டு. இரண்டும் இல்லாத துணைவரோடு வருபவருக்கு ஒன்றுமில்லை. பொருள் விளங்குகிறதா, தோழர்களே? மனைவியைப் படிக்கவிடாமல், படித்தவளைத் தேர்வு எழுதவிடாமல், ‘நான் இருக்க உனக்கேன் இந்த வேலை’ என்று வீட்டிலே வைத்தவனுக்கு, அந்நாடு விதிக்கும் தண்டம் 10 மதிப்பெண்!

கணக்கு கணவன் பக்கம் சாய்ந்தால் அவன் பெயர் முன்னே வரட்டும், நமக்கு மறுப்பில்லை. அறிவு சொல்லி அவன் முன்னே வந்தால் வரவேற்போம். வழக்கம் சொல்லி வந்தால் வழிமறிப்போம். நாம் கேட்பது அவ்வளவே.

இனி, ‘சார்ந்து வருபவர்’ என்ற பட்டத்தின் முழுப் பொருளை அமெரிக்காவிலே காண்போம். எச்-1பி என்னும் வேலை விசாவிலே செல்லும் கணவனோடு, எச்-4 என்னும் விசாவிலே செல்கிறாள் மனைவி. இங்கே கல்லூரியில் கற்பித்தவள், மருத்துவம் பார்த்தவள், கட்டடம் வரைந்தவள், அங்கே வேலை செய்ய உரிமையற்றவள். 2015 மே மாதத்தில் ஒரு தளர்வு வந்தது. அதுவும் கணவனின் நிரந்தரக் குடியிருப்பு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். அவன் வேலை போனால் அவள் நிலையும் போகும். மணவாழ்வு முறிந்தால் அவள் விசாவும் முறியும். அவள் நாட்டிலே இருப்பதே மற்றொருவனின் நிழலாக! விமானத்தில் இரு பெட்டிகள் சென்றன. மூன்றாவது பெட்டியாக அவளும் சென்றாள். சான்றிதழ்கள் பெட்டிக்குள்ளே, அவள் வீட்டுக்குள்ளே!

‘கிரீன் கார்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். எப்போது வரும்? வேலைவழி நிரந்தரக் குடியிருப்புக்கென அந்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு ஒதுக்குவது ஏறத்தாழ 1,40,000 இடங்கள். மனைவி மக்களும் அதற்குள்ளே அடக்கம். அதிலும் எந்த ஒரு நாட்டில் பிறந்தோருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொதுவிதி. பெரிய நாடாயினும் சிறிய தீவாயினும் அதே 7 தான். விளைவு? 2024, 2025-ஆம் ஆண்டுகளிலே, மேற்படிப்புத் தகுதியோர் பிரிவில், 2012-இலும் 2013-இலும் வரிசைக்கு வந்த இந்தியர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. அங்கே பார்க்கப்படுவது குடியுரிமையன்று, பிறந்த நாடு. குடியுரிமையை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த இடத்தை மாற்றமுடியுமா? பிறப்பைக் காட்டி வரிசையிலே பின்னே நிறுத்துவது நமக்குப் புதிதா? அக்கிரகாரத்துத் தெருமுனையிலே கண்ட நீதி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் ஆங்கிலம் பேசிக்கொண்டு நிற்கிறது!

ஆனால் அதே சட்டத்திலே ஒரு சாளரமும் உண்டு. இணையரில் ஒருவர் வேறு நாட்டிலே பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டின் வரிசையிலே நிற்கலாம். யாழ்ப்பாணத்திலே பிறந்த பெண்ணும், பினாங்கிலே பிறந்த பெண்ணும் தமிழ்நாட்டு மருமகள்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பத்தாண்டுக் காத்திருப்பைச் சில ஆண்டுகளாகச் சுருக்கக்கூடும். ‘உன் ஊர் எது?’ என்று மனைவியைக் கேட்கும் நம் ஆடவர், பெரும்பாலும் சாதி அறியத்தான் கேட்கிறார்கள். ஒருமுறை சட்டம் அறியவும் கேட்கட்டும்!

பெட்டி போதும். இனி ஏணியைப் பார்ப்போம்.

பஞ்சாபிலே சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலத் தேர்விலே நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணைத் தேடி, மணமகள் தேவை விளம்பரம் வருகிறது. மணமகன் வீட்டார் அவளுடைய வெளிநாட்டுப் படிப்புச் செலவை ஏற்கின்றனர். அவள் மாணவியாகச் செல்கிறாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு அவன் செல்கிறான். ‘ஆகா, பெண் முன்னே போகிறாளே! இதுதானே நீர் கேட்டது?’ என்று சிரிப்போர் உண்டு. சிரிக்கவேண்டா! அங்கே மதிக்கப்படுவது பெண்ணன்று. அவள் பெற்ற மதிப்பெண். ஏறும்வரைதான் ஏணிக்கு மதிப்பு. ஏறியபின் எட்டி உதைக்கப்படும். சில இடங்களில் ஏணியே விலகிவிட, பணம் கொடுத்த வீடு வழக்குமன்றம் செல்கிறது. வரதட்சணை என்னும் பழைய பேய், திசை மாறி நடந்தாலும் பேய்தான்.

விசாவுக்காகவே ஒரு பொய்த் திருமணம் என்றால், அதன் முடிவும் அறிந்துகொள்ளுங்கள். உண்மையை மறைத்ததாகக் கனடா கண்டால், 5 ஆண்டுகள் அந்நாட்டு வாயில் அடைபடும். குடியேற்றத்துக்காகப் போலித் திருமணம் செய்ததாக அமெரிக்கா முடிவு செய்தால், பிற்பாடு உண்மையாகவே மணந்தாலும் அந்தத் துணைவரின் மனு ஏற்கப்படாது. முகவர் சொன்னார் என்பது எந்த நாட்டிலும் விடையாகாது. கையெழுத்து உங்களுடையது!

மேனாட்டுச் சட்டமெல்லாம் மாசற்ற பொன் என்று மயங்குவோர் வரலாற்றையும் சற்றே புரட்டட்டும். 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1922-இல் அது திருத்தப்பட்டது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட ஆசியரை மணந்த பெண்களுக்கோ 1931 வரை விடிவு வரவில்லை. 1979-இல், மணம் முடிக்க இலண்டன் சென்ற இந்தியப் பெண் ஒருத்தியை, ஹீத்ரோ விமான நிலையத்திலே நிறுத்தி, அவள் கன்னியா என்று உடலைச் சோதித்தனர், நாகரிகத்தின் நாயகர்கள்! அதே பிரிட்டனிலே, குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைப்பது எளிது. குடியிருக்கும் பெண் தன் கணவனை அழைப்பது அரிது என்ற விதி இருந்தது. மூன்று பெண்கள் வழக்கிட்டனர். 1985 மே மாதத்தில், இது பால்வேறுபாடு காட்டும் அநீதி என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டன் என்ன செய்தது? கணவரை அழைக்க இருந்த கடுமையை, மனைவியரை அழைப்பதற்கும் விரித்துச் ‘சமத்துவம்’ செய்தது! ஆக, மனுவுக்கு மேனாட்டிலும் உறவினர் உண்டு. எனினும் அங்கே விதிகளை எதிர்த்து வழக்காடினர், போராடினர், மாற்றினர். நாமோ, அவர்கள் மாற்றிய விதியின்மீது நம் பழைய விதியைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம்.

எல்லையிலே நின்று, ‘இவள் மனைவியா?’ என்று அரசு கேட்கும் கேள்வி நமக்குப் பழங்கதையன்று, இரத்தக் கதை. 1913 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பளித்தார். பலதார மணத்தை ஏற்கும் சமயமுறையிலே நடந்த திருமணம் செல்லாது. அவ்வாறு மணந்த மனைவிக்கு நாட்டுக்குள் நுழைய உரிமையில்லை என்றார். ஒரே எழுதுகோல் வீச்சிலே, அங்கிருந்த இந்தியப் பெண்களின் மணவாழ்வெல்லாம் கேள்விக்குறியானது. பெண்கள் சிறை சென்றனர். 3 பவுண்டு வரியை எதிர்த்தும், இந்த இழிவை எதிர்த்தும் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். வயது 16. மணமாகாத அந்தச் சிறுமி, பிறர் மணவாழ்வின் மானத்துக்காகத் தன்னைத் தந்தாள். அவ்வாண்டே இந்தியர் திருமணங்களை ஏற்கும் சட்டம் வந்தது.

அவள் பெயரால் சொல்கிறேன்: திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்! புரோகிதரும் புகையும் இன்றி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ நடக்கும் சுயமரியாதைத் திருமணம், 1967-இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் சட்டத்தின் முழுத் தகுதி பெற்றது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாரும் பதிவு செய்ய வேண்டுமென விதித்தது. விசா அலுவலர் உங்கள் தாலியின் எடையைப் பார்ப்பதில்லை. அக்கினியை எத்தனை முறை சுற்றினீர்கள் என்று எண்ணுவதில்லை. அவர் கேட்பது ஒரு தாள். அதிலே ஒரு முத்திரை.

சுற்றுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐதராபாத்துக்கு அருகே சில்கூர் என்னும் ஊரிலே பாலாஜி கோயில் இருக்கிறது. ‘விசா பாலாஜி’ என்றே மக்கள் அழைக்கின்றனர். வேண்டுதலுக்கு 11 சுற்று; விசா கிடைத்தால் 108 சுற்று! அங்கே உண்டியல் இல்லை. அதை மறைக்க மாட்டோம். பணம் பறிக்கவில்லை, ஆனால் காலம்? கால்வலி? அறிவு? பொறியியல் படித்தவன், எண்ணும் எழுத்தும் அறிந்தவன், சுற்றை மட்டும் எண்ணுகிறான்! கனடாவின் மதிப்பெண் அட்டவணையோ அரசாலேயே வெளியிடப்பட்டு, காசில்லாமல் கிடைக்கிறது. அதன் முன்னே இணையர் இருவரும் அரை மணி நேரம் அமர்ந்தால், எவர் பெயரை முன்னே நிறுத்துவது என்பது விளங்கிவிடும். அங்கே அமரார், இங்கே சுற்றுவர். சோதிடரிடம் ‘வெளிநாட்டு யோகம்’ கேட்பர். ஏழாம் இடத்தைப் பார்ப்பர். மனைவி படித்த இடத்தைப் பாரார்!

‘மனைவி பின்னால் போகிறான் என்று ஊர் பேசுமே’ என்று ஒருவன் தயங்குகிறான். தோழா, இத்தனை காலம் அவள் உன் பின்னால் வந்தாளே, ஊர் பேசிற்றா? அது இழிவில்லையென்றால் இது எப்படி இழிவாகும்? இழிவென்றால், அதை அவள்மீது மட்டும் சுமத்திய உன் நீதி எத்தகையது? கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் நிரந்தரக் குடியேற்ற வழியிலே, முதன்மை விண்ணப்பதாரருக்கும் உடன் வரும் துணைவருக்கும் ஒரே தகுதியில் குடியிருப்புரிமை கிடைக்கிறது. இருவருமே வேலை பார்க்கலாம். முன்னே நின்றவர் எசமானருமல்லர். பின்னே நின்றவர் ஏவலருமல்லர். நிலையாகக் குடியேற விழையும் இணையர் முதலில் நாடவேண்டியது இத்தகைய வழியைத்தான். ஒருவர் உழைக்க, ஒருவர் கைகட்டிக் காத்திருக்கும் வழியை, வேறு வழியே இல்லாதபோது, இருவரும் அறிந்து, இருவரும் ஒப்பித் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் தீர்மானித்து மற்றொருவரை மூட்டை கட்டிச் செல்வது குடியேற்றமன்று, கடத்தல்!

ஆகவே, செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இருவருக்கும் தனித்தனிக் கடவுச்சீட்டு இருக்கட்டும். அவளுடையது அவள் கையிலேயே இருக்கட்டும். மொழித் தேர்வை இருவரும் எழுதுங்கள். இருவரின் பட்டங்களையும் மதிப்பிடச் செய்யுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். கணக்கை இரண்டு முறை போடுங்கள். ஒருமுறை அவன் பெயரை முன்னே வைத்து, ஒருமுறை அவள் பெயரை முன்னே வைத்து. அவள் வேலை பார்க்க உரிமை உண்டா, மணவாழ்வு முறிந்தால் அவள் நிலை என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து இடாதீர்கள்.

நாடு விட்டு நாடு போகிறவர்கள் பலவற்றை விட்டுச் செல்லவேண்டியிருக்கும். பெட்டியின் எடைக்கு விமானத்திலே வரம்பு உண்டு. அம்மியை விட்டுச் செல்வார்கள். ஆட்டுக்கல்லை விட்டுச் செல்வார்கள். அவற்றைவிடக் கனமான ஒன்றைத்தான் எவரும் அறியாமல் தலைக்குள்ளே ஏற்றிச் செல்கிறார்கள். அதையும் இங்கேயே இறக்கிவையுங்கள்.

திரையிலே அந்தக் கேள்வி இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது: முதன்மை விண்ணப்பதாரர் யார்? கணவனே, எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடு. தங்கையே, தோளுக்குப் பின்னே நின்றது போதும், உட்கார். இருவரும் சேர்ந்து கணக்கைப் போடுங்கள்!